நற்சான்றா, பொறுப்புறுதியா?
திப்பு சுல்தானின் சிருங்கேரிக் கடிதங்களை முன்வைத்து

அரசும் சமயப் பீடமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட மொழியை நாம் பெரும்பாலும் கடிதங்களின் வழியாகவே அறிகிறோம். கல்வெட்டு கொடையைச் சொல்லும். பட்டயம் உரிமையைச் சொல்லும். தேவையையும் தயக்கத்தையும் கோபத்தையும் சொல்லுவது கடிதம். ஐரோப்பாவில் 1076ஆம் ஆண்டு மன்னர் நான்காம் ஹென்றியும் ஏழாம் கிரகோரிப் பாப்பரசரும் எழுதிக்கொண்ட மடல்கள், ஆயரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற வினாவை எழுப்பின. அவ்வினா ஓயாமல் தொடர்ந்து, 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில்தான் ஒருவாறு அமைதி கண்டது. அங்கே அரசும் திருச்சபையும் ஒரே சமயத்தின் இரு கைகள். ஆதலால் வழக்கு, அதிகாரத்தின் எல்லை பற்றியதாக அமைந்தது.

இந்திய மண்ணில் இவ்வுறவு வேறு வடிவம் கொண்டது. இங்கே அரசர் ஒரு சமயத்தவராகவும் பீடத் தலைவர் வேறொரு சமயத்தவராகவும் இருந்த காலங்கள் நீண்டவை. அத்தகைய உறவுக்குக் கிடைத்துள்ள ஆவணங்களுள் அதிகம் பேசப்படுபவை மைசூர் வேந்தர் திப்பு சுல்தான் சிருங்கேரி மடத்துக்கு எழுதிய கடிதங்கள். அதிகம் பேசப்பட்டும் குறைவாக வாசிக்கப்பட்டவை என்பதே அவற்றின் தலைவிதி. அவற்றைப் போற்றுவோரும் புறந்தள்ளுவோரும் இரண்டொரு வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதத்தைக் கீழே வைத்துவிடுகின்றனர். அவற்றைக் கடிதங்களாகவே வாசித்தால் என்ன தெரியவரும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சமவெளியில் ஒரு முன்னோடி

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களின் பெயர்களே ஒரு காலத்தின் எச்சங்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் நாயக்கன் என்னும் சொல்லைப் பெயரில் தாங்கி நிற்கும் ஊர்கள், மதுரை நாயக்கர்களும் அவர்களுக்குத் திறை செலுத்திய சிற்றரசர்களும் இப்பகுதியை ஆண்டதை நினைவூட்டுகின்றன. அந்நாயக்கர் அவைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேரடிச் செய்திகளில் கணிசமான பங்கு, இயேசு சபைத் துறவியர் எழுதிய மடல்களிலிருந்து வருவது. தத்துவபோதகர் என்று தமிழில் அறியப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தவர். 1623இல் அவர் மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலம் வந்தார். அங்கே ஆண்டுகொண்டிருந்த இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்புடன் வரவேற்றார். பின்னர் அவர் சேலத்துக்கும் மோரமங்கலத்துக்கும் சென்றார். ஆட்சியுரிமையை இழந்து மோரமங்கலத்தில் வாழ்ந்துவந்த திருமங்கல நாயக்கர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார். மதுரை மிஷன் மடல்களை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்த்ராந்து அடிகள் பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். சேலம் மாவட்ட வரலாற்றை எழுதியோர் பலரும் அந்த ஊற்றிலிருந்து முகந்தவர்களே.

இம்மடல்களில் ஒரு பண்பு கவனிக்கத்தக்கது. இவை நாயக்க மன்னருக்கு எழுதப்பட்டவை அல்ல. நாயக்க மன்னரைப் பற்றித் தம் சபை மேலவர்களுக்கு எழுதப்பட்டவை. மேலவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் அரசர் இரண்டே உருவங்களில் தோன்ற முடியும்: ஊழியத்துக்குத் துணைநிற்கும் புரவலர், அல்லது தடைநிற்கும் எதிரி. சேந்தமங்கலத்து நாயக்கர் முதல் வகை. ஆனால் அவர் ஏன் வரவேற்றார்? பக்தியினாலா, வடமொழி கற்ற ஒரு துறவியைத் தம் அவையில் வைத்திருக்கும் பெருமையினாலா, மதுரைக்கு அடங்கிய சிற்றரசருக்கு வெளியாரின் நட்பு தேவைப்பட்டதாலா? நாயக்கர் எழுதிய மடல் ஒன்றேனும் நம் கையில் இருந்தாலன்றி இதற்கு விடை இல்லை. பேச்சில் ஒரு பாதிதான் நமக்குக் கேட்கிறது.

ஆகவே அரசு, சமயம் பற்றிய எந்தக் கடிதக் கட்டையும் பிரிக்கும்போது நான்கு வினாக்களை முதலில் கேட்டாக வேண்டும். எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? என்ன வேண்டி எழுதினார்? அக்கடிதத்தை நமக்குக் காத்துத் தந்தவர் யார்? சிருங்கேரிக் கடிதங்களுக்கும் இந்த நான்கு வினாக்கள் பொருந்தும்.

1791: நிகழ்ந்தது என்ன?

மூன்றாம் மைசூர்ப் போர் 1790இல் தொடங்கியது. ஆங்கிலேயக் கம்பெனி, மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் ஆகிய மூவரும் ஒருசேரத் திப்புவின் மேல் படையெடுத்தனர். மராட்டியத் தளபதி பரசுராம் பாவ் பட்வர்தனின் படையோடு தொடர்புடைய குதிரைப் படையினரும், படையைப் பின்தொடர்ந்து சூறையாடும் கூட்டத்தினரும் 1791இல் சிருங்கேரிக்குள் புகுந்தனர். மடத்தின் உடைமைகள் கொள்ளை போயின. பலர் கொல்லப்பட்டனர். சாரதாதேவியின் திருவுருவம் பீடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. அப்போது பீடத்தில் இருந்த மூன்றாம் சச்சிதானந்த பாரதி சுவாமிகள் கார்க்களத்தில் தஞ்சம் புகுந்தார். மராட்டிய ஆவணங்களிலும் இச்சூறை பற்றிய வருத்தம் பதிவாகியுள்ளது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மதத்தின் பெயரால் படைகளை அடையாளப்படுத்திப் பழகிய நமக்கு இந்நிகழ்ச்சி ஒரு எச்சரிக்கை: மடத்தைச் சூறையாடியோர் அம்மடம் பேணிய சமயத்தைச் சார்ந்த படையுடன் வந்தோர், முறையீடு சென்றதோ முஸ்லிம் வேந்தரிடம்.

சுவாமிகள் நடந்ததைத் திப்புவுக்கு எழுதினார். திப்பு விடையளித்தார். இத்தகைய புண்ணியத் தலத்துக்குத் தீங்கிழைத்தோர் தம் செயலின் பயனை விரைவில் அனுபவிப்பர் என்று வருந்தி எழுதிய அவர், அக்கருத்துக்கு அரணாக வடமொழிச் சுலோகம் ஒன்றையும் கடிதத்தில் சேர்த்தார். பெத்னூர் என்னும் நகர் பகுதியின் ஆசஃபுக்கு ஆணை பிறந்தது: தேவியின் திருவுருவத்தை மீண்டும் நிலைநிறுத்த 200 ரஹதி ரொக்கமாகவும் 200 ரஹதி மதிப்புள்ள பொருள்களாகவும் வழங்க வேண்டும். நிலைநிறுத்தும் சடங்கு முடிந்தபின் சுவாமிகள் பிரசாதமும் சால்வையும் அனுப்பினார். பதிலுக்குத் திப்பு தேவிக்கு ஆடையும் சுவாமிகளுக்குச் சால்வைகளும் அனுப்பினார். பகைப் படைகள் அழியவும் அரசு நிலைபெறவும் சண்டி ஜபம் நடத்துமாறு வேண்டி, அதற்குரிய செலவையும் அரசே ஏற்றது.

1793ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. சுவாமிகளை ஜகத்குரு என்று விளிக்கும் திப்பு, இத்தகைய பெரியோர் வாழும் நாட்டில் மழை பொழிந்து பயிர் செழிக்கும் என்ற கருத்தை எழுதி, அயல்நாட்டில் நெடுநாள் தங்காமல் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவருமாறு கேட்டுக்கொள்கிறார்.

இக்கடிதங்கள் கன்னடத்தில் எழுதப்பட்டவை. மடத்திலேயே பேணப்பட்டு வந்தவை. மைசூர் அரசின் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த ஆர். நரசிம்மாச்சார் 1916இல் இவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1930இல் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’ இவற்றைப் பற்றிப் பேசியது. வரலாற்றறிஞர் சுரேந்திரநாத் சென் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் ஏ. கே. சாஸ்திரி மடத்தின் ஆவணங்களைத் தொகுத்தளித்தபோது ஹைதர் அலியின் கடிதங்களும் திப்புவின் கடிதங்களும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கக் கிடைத்தன. ஆக, நான்காவது வினாவுக்கு விடை தெளிவு: கடிதங்களைக் காத்தது, அவற்றைப் பெற்றுக்கொண்ட மடமே. திப்புவின் புகழ்பாடுவதில் எந்த ஆதாயமும் இல்லாத ஒரு நிறுவனம் அவற்றை ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் பெட்டியில் வைத்துப் போற்றியது என்பதே அவற்றின் நம்பகத்தன்மைக்கு வலுவான சான்று.

மற்றொரு கட்டு

திப்புவின் கடிதங்களில் வேறொரு தொகுதியும் உண்டு. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அரண்மனை ஆவணங்கள் கம்பெனியாரின் கையில் சிக்கின. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பாரசீகக் கடிதங்களை வில்லியம் கிர்க்பேட்ரிக் ஆங்கிலத்தில் பெயர்த்து 1811இல் லண்டனில் வெளியிட்டார். குடகில் கிளர்ந்தெழுந்தோரை ஒடுக்குவது, சிறைப்பிடித்தோரை இஸ்லாத்தில் சேர்ப்பது முதலான கடுமையான ஆணைகள் அத்தொகுதியில் உள்ளன. திப்புவைக் கொடியவராகவும் மதவெறியராகவும் காட்டுவோர் இன்றளவும் எடுத்தாளும் கடிதங்கள் இவையே.

கிர்க்பேட்ரிக் நடுநிலையாளர் அல்லர். வீழ்த்தப்பட்ட வேந்தரின் குணத்தை அவருடைய எழுத்தாலேயே மெய்ப்பிப்பது தம் நோக்கம் என்பதை அவர் முன்னுரையிலேயே மறைக்கவில்லை. நூலின் பெயரிலேயே தேர்ந்தெடுத்த கடிதங்கள் என்ற சொல் நிற்கிறது. தேர்ந்தெடுத்தவர் வென்றவர், தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாண்டவர். இந்த எச்சரிக்கையோடுதான் அத்தொகுதியைப் படிக்க வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை என்பது மறுப்பு ஆகாது. தேர்வு ஒருதலைப்பட்சமானது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவை பொய் என்று முடிவுகட்ட இயலாது. குடகில் நடந்த நாடுகடத்தலுக்கும், 1784இல் மங்களூர்க் கத்தோலிக்கர் பெருந்தொகையினராகச் சிறைப்பிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதற்கும் பிற சான்றுகளும் உள்ளன. எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம், நிகழ்ச்சி மிகையன்று. நம் தரப்பு எழுத்தாளர் பலர் சிருங்கேரிக் கட்டை முழுதாக ஏற்று, கிர்க்பேட்ரிக் கட்டை முழுதாகத் தள்ளுகின்றனர். எதிர்த்தரப்பினர் அப்படியே மாற்றிச் செய்கின்றனர். இருவருக்கும் முறை ஒன்றே, விருப்பம்தான் வேறு.

இரு விளக்கங்களும் அவற்றின் குறையும்

சிருங்கேரிக் கடிதங்களுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கங்கள் இரண்டு. முதலாவது, திப்பு சமயச் சார்பற்ற வேந்தர் என்பது. இது அன்பினால் சொல்லப்படுவது. ஆனால் காலத்துக்குப் பொருந்தாதது. தம் அரசை இறைவன் அருளிய அரசு என்று அழைத்தவர் திப்பு. ஹிஜ்ரிக்கு மாற்றாக மௌலூதி என்ற ஆண்டுக் கணக்கை வகுத்தவர். 1786இல் உஸ்மானியப் பேரரசுக்குத் தூதுக்குழு அனுப்பி, கலீஃபாவின் ஏற்பை நாடியவர். 1799இல் மூன்றாம் சலீமின் கடிதம் ஆங்கிலேயர் வழியாக வந்தபோது, மார்க்கத்தின் பகைவர் யார் என்பதை மார்க்க மொழியிலேயே அவருக்கு எடுத்துரைத்தவர். இப்படிப்பட்டவரைச் சமயச் சார்பற்றவர் என்பது அவருக்கே அந்நியமான ஆடையை அணிவிப்பதாகும்.

இரண்டாவது விளக்கம், போர் நெருக்கடியில் அஞ்சிய ஒருவர் நடத்திய தந்திரம் என்பது. 1791இல் மூன்று படைகள் சூழ்ந்தபோது மந்திரத்தையும் நாடினார் என்பர் இவ்விளக்கத்தார். இதில் ஒரு பகுதி உண்மை உண்டு. சண்டி ஜபத்துக்கு ஏற்பாடு செய்தவர் போரை எண்ணித்தான் செய்தார். ஆனால் ஹைதர் காலத்திலேயே மடத்துடன் கடிதத் தொடர்பு இருந்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாகிப் போர் முடிந்தது. நாட்டில் பாதியும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் தண்டமாகப் போயின. சேலம் உள்ளிட்ட பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. இவ்வளவுக்கும் பிறகு எழுதப்பட்டது 1793ஆம் ஆண்டுக் கடிதம். அப்போதும் அவருடைய இரு புதல்வர்கள் ஆங்கிலேயரிடம் பிணையாக இருந்தனர் என்பதால் நெருக்கடி முற்றிலும் நீங்கியது என்றும் சொல்ல முடியாது. எனினும், தந்திரம் மட்டுமே காரணமாயின், இழந்த நாட்டின் நடுவில் ஒரு துறவி அயலூரில் தங்கியிருப்பதைப் பற்றி வேந்தர் கவலைப்பட வேண்டிய தேவை இல்லை.

இரு விளக்கங்களும் ஒரே பிழையைச் செய்கின்றன. கடிதத்தை எழுதியவரின் உள்ளத்துக்குச் சாளரமாக எண்ணுகின்றன. அரச கடிதம் அப்படிப்பட்டதன்று. அதை வரைவோர் எழுத்தர்கள். திப்புவின் ஆட்சியில் வருவாய்த் துறையின் உயர்பொறுப்பில் இருந்தவர் பூர்ணையா. கன்னடக் கடிதங்களைக் கன்னட எழுத்தர்களே வரைந்திருப்பர். வடமொழிச் சுலோகமும் அந்த எழுத்தறையின் கொடையாக இருக்கலாம். அரசர் தம் முத்திரையால் அவற்றைத் தம்முடையவை ஆக்கினார் என்பதே போதுமானது. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அல்லாஹ் அறிவான். அவருடைய அரசு எதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டது என்பதைக் கடிதம் சொல்கிறது. நாம் வாசிக்கத்தக்கது இரண்டாவதே.

இவ்வாறு நோக்கினால் இஸ்தான்புல்லுக்கு எழுதிய மொழிக்கும் சிருங்கேரிக்கு எழுதிய மொழிக்கும் இடையே முரண் இல்லை. கலீஃபாவிடம் பேசும்போது அவர் உம்மத்தின் உறுப்பினர். ஜகத்குருவிடம் பேசும்போது அம்மண்ணின் வேந்தர். விஜயநகர மன்னரும் கெளதி நாயக்கரும் மைசூர் உடையாரும் அந்த மடத்தோடு பேணிய உறவை, அவர்களுக்குப் பின் அந்நிலத்தை ஆண்டவர் என்ற முறையில் அவர் தொடர்ந்தார். கேட் பிரிட்டில்பேங்க் 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஆளும் தகுதியைத் தேடிய ஒரு வேந்தராகத் திப்புவை விளங்கிக்கொள்ள முயல்வது இந்த நோக்கிலேயே. புதிதாக ஆட்சிக்கு வந்த குடும்பத்துக்கு அந்நிலத்தின் வழக்கங்களே அரியணை. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் ரங்கநாதர் கோயில் வழிபாடு குன்றாமல் நின்றதற்கும் இதுவே பொருள்.

கடிதம் பெறாதோர்

இங்கே எழும் கடினமான வினாவைத் தவிர்க்க இயலாது. சிருங்கேரிக்குக் கிடைத்த காப்பு குடகருக்கும் மங்களூர்க் கிறிஸ்தவருக்கும் ஏன் கிடைக்கவில்லை?

அவர்கள் கிளர்ச்சி செய்தனர், ஆங்கிலேயருக்கு உதவினர் என்பது வழக்கமான மறுமொழி. அரசியல் காரணமாக இது ஏற்கத்தக்கதே. தண்டனைக்குக் காரணம் சமயமன்று, கிளர்ச்சி என்பதை மொஹிபுல் ஹசன் முதலான வரலாற்றாசிரியர்கள் சான்றுகளோடு எடுத்துரைத்துள்ளனர். ஆனால் காரணத்தை விளக்குவது வேறு, நியாயப்படுத்துவது வேறு. ஆயுதம் ஏந்தியவரோடு ஏந்தாதவரும், ஆடவரோடு பெண்டிரும் குழந்தைகளும் பெயர்த்துச் செல்லப்பட்டனர் என்றால், கிளர்ச்சி என்ற ஒரு சொல் அதை மூடிவிடாது. தண்டனை மதமாற்றத்தின் வடிவில் வந்தது என்றால், மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்று ஓதிவரும் நாம் அதற்கு வக்காலத்து வாங்குவது எங்ஙனம்?

கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு வேறுபாடு கண்ணில் படுகிறது. சிருங்கேரிக்கு ஒரு தலைவர் இருந்தார். அவர் எழுத வல்லவர்; எழுதினால் அரசர் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். குடகின் கிராமத்தாருக்கு அப்படி ஒரு பீடம் இல்லை. மங்களூர்க் கத்தோலிக்கரின் குருமார் கடிதம் எழுதிய திசை கோவா; போர்க் காலத்தில் அதுவே அவர்கள்மேல் ஐயத்தை வளர்த்தது. சுருங்கக் கூறின், பீடங்களோடு பேசும் அரசு, பீடமில்லாத மக்களோடு பேசுவதில்லை. அவர்களைப் பற்றித் தன் தளபதிகளோடு பேசுகிறது. சிருங்கேரிக் கட்டு மக்கள் தலைவரோடு நடந்த உரையாடல். கிர்க்பேட்ரிக் கட்டு மக்களைப் பற்றி அதிகாரிகளோடு நடந்த உரையாடல். ஒரே வேந்தர் இரண்டு மனிதராகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணம்.

இது திப்புவுக்கு மட்டும் உரிய குறையன்று. சேந்தமங்கலத்து நாயக்கரும் தத்துவபோதகரை வரவேற்றாரே அன்றி, அவரைப் பின்பற்றிய எளியோரோடு எந்த உடன்பாடும் செய்துகொண்டதாக மடல்களில் காணோம். பீடங்களுக்கிடையே கைகோத்தல், பீடங்களின் நிழலில் வாழ்வோருக்குத் தானாகவே காப்பாகிவிடுவதில்லை.

நஜ்ரான் என்னும் அளவுகோல்

முஸ்லிம் வேந்தர் ஒருவர் பிற சமயப் பீடத்துக்கு எழுதிய கடிதத்தை அளக்க நம்மிடமே ஓர் அளவுகோல் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) நஜ்ரான் கிறிஸ்தவர்களுக்கு வழங்கிய உடன்படிக்கைக் கடிதம் அது. இமாம் அபூ யூசுஃப் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜ் இதைப் பதிவு செய்துள்ளது. ஆண்டுக்கு 2,000 ஆடைத் தொகுதிகள் வழங்குவது அவர்கள் கடமை. அவர்களுடைய உயிர், உடைமை, சமயம், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குக் காப்பளிப்பது அரசின் கடமை. ஆயரை அவர் பதவியிலிருந்தும் துறவியை அவர் மடத்திலிருந்தும் பெயர்க்கக் கூடாது.

இக்கடிதத்தின் சிறப்பு அதன் இனிய சொற்களில் இல்லை. காப்பு பெறுவோர் ஆயரும் துறவியும் மட்டுமல்லர். ஊரார் அனைவருமே என்பதில் முதற் சிறப்பு உள்ளது. கடிதம் அவர்களின் கையில் ஆவணமாக இருந்தது என்பதில் இரண்டாவது சிறப்பு உள்ளது. பின்னாளில் உமர் (ரலி) அவர்கள் ஆட்சிக் காலத்தில் நஜ்ரானியர் இராக்குக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். இச்செய்தியையும் அபூ யூசுஃப் மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் அந்த இடப்பெயர்ச்சியும் மற்றொரு கடிதத்தோடு நிகழ்ந்தது: செல்லுமிடத்து ஆளுநர்கள் அவர்களுக்கு விளைநிலம் வழங்க வேண்டும், அவர்களுக்கு அநீதி இழைப்போருக்கு எதிராகத் துணைநிற்க வேண்டும் என்பது அதன் ஆணை. அவர்கள் பின்வந்த கலீஃபாக்களிடமும் முறையிட்டனர். உஸ்மான் (ரலி) அவர்கள் வரியில் ஒரு பகுதியைக் குறைத்தார். அரசைப் பொறுப்பிலிருந்து நழுவவிடாமல் பிடித்துவைக்கும் கயிறாக அந்த முதற் கடிதம் செயற்பட்டது.

இந்த அளவுகோலால் சிருங்கேரிக் கடிதங்களை அளந்தால் அவற்றின் உண்மையான பெருமை புலப்படும். ஜகத்குரு என்ற விளியைவிட, பெத்னூர் ஆசஃபுக்குச் சென்ற 400 ரஹதி மதிப்புள்ள ஆணை கனமானது. விளி மரியாதை, ஆணை கடமை. அரசின் படை காக்கத் தவறிய இடத்தில் இழப்பை அரசே ஈடுசெய்தது. அதே அளவுகோல் குடகையும் மங்களூரையும் அளக்கும்போது குறையையும் காட்டும். அங்கே பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இல்லை. இரண்டையும் ஒப்புக்கொள்வதால் திப்புவின் தியாகத்துக்கு எந்த இழுக்கும் இல்லை. தம் தலைநகரைக் காத்துப் போரிட்டு மாண்ட வேந்தர் என்ற உண்மைக்கு நற்சான்றிதழ் ஒட்டவேண்டிய தேவையும் இல்லை.

வென்றவரின் கடிதங்கள்

திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கைமாறியபின், 1792இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு இப்பகுதியின் நிர்வாகத்தை ஏற்றார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாளராக இங்கே பணியாற்றினார். இச்சமவெளியின் சிறு கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் எந்த வேந்தரும் தம் பெயரில் கடிதம் எழுதியதில்லை. அவற்றுக்கும் அரசுக்கும் இருந்த உறவு, இனாம் பதிவேட்டில் ஒரு வரி. மைசூர் ஆட்சி இனாம்கள் பலவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கம்பெனி ஆட்சி எஞ்சியவற்றை விசாரணைக்கு உட்படுத்தியது. சிருங்கேரிக்கு வாரி வழங்கிய அதே அரசு சிற்றூர் மானியங்களில் கைவைத்தது என்பதும் மேலே சொன்ன வேறுபாட்டுக்கு மற்றொரு சான்று.

கம்பெனியும் சமயத்தோடு கடிதம் வழியாகவே மல்லாடியது. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், பள்ளிவாசல் அறக்கொடைகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. கிறிஸ்தவ அரசு பிற சமயக் கோயில்களை நிர்வகிப்பது பாவம் என்று மிஷனரிமார் எதிர்த்தனர். 1836இல் சென்னை ஆயர் டேனியல் கோரியின் வழியாகக் குருமாரும் அதிகாரிகளுமாகப் பலர் கையொப்பமிட்ட முறையீடு அரசுக்குச் சென்றது. சென்னைப் படைத்தலைவர் சர் பெரகிரின் மெய்ட்லண்டு 1838இல் இப்பிணக்கினால் பதவி துறந்தார். முடிவில் 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் அரசின் மேற்பார்வையை விலக்கி, அறக்கொடைகளைக் குழுக்களிடம் விட்டது. ஒரு திருச்சபையின் கடிதத்துக்கு அஞ்சிய அரசு, கடிதம் எழுதாத ஆயிரக்கணக்கான கோயில்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே சட்டத்தால் கைகழுவியது. தம் சமயப் பீடத்துக்கு மட்டும் செவிகொடுக்கும் அரசையும், பிற சமயப் பீடத்துக்குத் தாமாகச் செலவிட்ட வேந்தரையும் ஒப்பிட விரும்புவோர் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியது

2015இல் கர்நாடக அரசு திப்பு பிறந்தநாள் விழாவைத் தொடங்கியது; 2019இல் அடுத்து வந்த அரசு அதை நிறுத்தியது. அந்த நான்கு ஆண்டு வாதப் போரில் சிருங்கேரிக் கடிதங்கள் எத்தனை மேடைகளில் அசைத்துக் காட்டப்பட்டன! அசைத்துக் காட்டியோர், அவற்றைக் குற்றம் சாட்டப்பட்டவர் நீட்டும் நற்சான்றாகவே நீட்டினர். இதில் ஒரு தாழ்வுணர்வு ஒளிந்திருக்கிறது. ஒரு முஸ்லிம் வேந்தர் பிற சமயத்தாருக்கு நன்மை செய்தார் என்பது வியப்புக்குரிய விதிவிலக்கு என்று நாமே ஒப்புக்கொள்வது போன்ற தொனி அதில் உள்ளது. நஜ்ரான் கடிதத்தை முன்னோடியாகக் கொண்ட சமுதாயத்துக்கு அது விதிவிலக்காக இருக்க முடியாது. விதியாக இருக்க வேண்டும். விதி என்றால், மீறப்பட்ட இடத்தையும் நாமே சுட்டிக்காட்ட வேண்டும். குடகைப் பற்றிய உண்மையைப் பிறர் வாயிலிருந்து கேட்டுத் தலைகுனிவதைவிட, நம் ஏடுகளே அதை நேர்மையாக எழுதுவது மேல்.

இதற்கு முதற்படி, கடிதங்களை முழுமையாகப் படிப்பது. சிருங்கேரிக் கடிதங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. இரு கட்டுகளும் ஒரே நூலில், ஒரே வரிசையில், குறிப்புரையோடு தமிழில் வருமானால் மேடைப் பேச்சுகளில் பாதி ஓய்ந்துவிடும்.

இரண்டாம் படி, நம் ஊர்களிலேயே இருக்கிறது. பள்ளிவாசல், தர்கா நிர்வாகிகளின் இரும்புப் பெட்டிகளில் சன்னதுகளும் இனாம் ஆணைகளும் முறையீடுகளின் படிகளும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மடம் தனக்கு வந்த கடிதங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்ததனால்தான் ஒரு வேந்தரின் மறுபக்கம் உலகுக்குத் தெரிந்தது. அந்த மடத்திடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இது. 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, நீண்டகாலப் பயன்பாடு என்பதை விட எழுத்து ஆவணத்துக்கே எடை கூடியிருக்கும் இந்நாளில், அப்பாடம் வரலாற்று ஆர்வலருக்கு மட்டும் உரியதன்று.

ஆட்சியாளர் எழுதிய சொல்லை ஆளப்படுவோர் கையில் வைத்திருப்பது எவ்வளவு முக்கியமோ, அச்சொல் யாருக்கெல்லாம் எழுதப்படவில்லை என்று கேட்பதும் அவ்வளவு முக்கியம். முதலாவதைச் சிருங்கேரி கற்பிக்கிறது. இரண்டாவதைக் குடகு கற்பிக்கிறது. நீதியை அளவுகோலாகக் கொண்டோருக்கு இரண்டும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.